பண்ணைப் பட்டறைக்கு ஏற்ற வெட்டு எண்ணெய் எது?

ஆடிப் பட்டத்துக்கு உழவு தொடங்கும் வேளையில் கல்டிவேட்டரின் கொழுவைப் பிடிக்கும் போல்ட் முறிந்துவிட்டால் அன்றைய உழவு நின்றுவிடுகிறது. அருகில் லேத் பட்டறை இல்லாத ஊர்களில், ஒரு துளை போடவும் ஒரு மரை வெட்டவும் டவுனுக்குப் போய் அரை நாள் காத்திருக்க வேண்டியுள்ளது. இந்த அலைச்சலைத் தவிர்க்கவே, விவசாயிகள் பலர் பம்புசெட் கொட்டகையின் ஒரு மூலையில் துளைபோடும் இயந்திரம், சாணை, மரை வெட்டும் டாப், டை முதலியவற்றை வாங்கி வைத்துள்ளனர். சிலர் பழைய சிறு லேத் ஒன்றையும் வாங்கிப் பொருத்தியுள்ளனர்.

கருவிகளை வாங்குவதில் காட்டும் அக்கறை, அவற்றுக்கு ஊற்றும் எண்ணெயில் காட்டப்படுவதில்லை. டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்து வைத்து, எல்லா உலோகத்துக்கும் எல்லா வேலைக்கும் அதையே பயன்படுத்துவது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. இதனால் டிரில் பிட் சீக்கிரம் மழுங்குகிறது. வெட்டிய மரை பிய்ந்து நிற்கிறது. அதைவிட முக்கியமாக, நாள்தோறும் தோலில் படும் அந்தக் கருப்பு எண்ணெய் உடலுக்குக் கேடு விளைவிக்கக் கூடியது. பூச்சிக்கும் நோய்க்கும் ஒரே மருந்தைத் தெளிப்பதில்லை. அதுபோலவே, எந்த உலோகத்துக்கு எந்த எண்ணெய், எதற்கு எண்ணெயே வேண்டாம் என்பதை அறிந்து செயல்பட வேண்டும்.

சூடு எப்படி உண்டாகிறது?

உலோகத்தை வெட்டும்போது இரண்டு இடங்களில் சூடு பிறக்கிறது. கருவியின் முனைக்கு முன்னால் உலோகம் நசுங்கி, வளைந்து, சீவலாகப் பிரிகிறது. பெரும்பகுதி சூடு இங்கேதான் உண்டாகிறது. பிரிந்த சீவல் கருவியின் முகத்தில் உரசிக்கொண்டு வெளியேறும்போது மேலும் சூடு உண்டாகிறது.

சாதாரணக் கார்பன் எஃகில் செய்த கருவிகள் சுமார் 250 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே கடினத்தன்மையை இழக்கத் தொடங்குகின்றன. எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் முனை மழுங்கி, உராய்வு கூடி, சூடு இன்னும் ஏறுகிறது. இரும்பில் வேலை செய்யும்போது சீவல் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ வந்தால் கவலையில்லை. நீல நிறமாக வந்தால் வேகம் அதிகம் அல்லது முனை மழுங்கிவிட்டது என்று பொருள். எச்.எஸ்.எஸ். கருவியானால் வேலையை நிறுத்திக் கவனிக்க வேண்டும்.

தண்ணீரும் எண்ணெயும்

சூட்டை எடுத்துச் செல்வதில் தண்ணீருக்கு இணையில்லை. அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1880களில் நடத்திய சோதனைகளில், வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாரையாக விட்டபோது வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்ட முடிந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடா கலக்கப்பட்டது. ஆனால் தண்ணீருக்கு வழுக்கும் தன்மை குறைவு. எண்ணெய்க்கு வழுக்கும் தன்மை அதிகம். குளிர்விக்கும் திறன் குறைவு. இந்த இரண்டையும் ஓரளவு ஒன்றுசேர்ப்பதுதான், தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் 'கரையும் எண்ணெய்'.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. வேகமாகச் சுழலும் வேலைக்குக் குளிர்ச்சி முக்கியம். அங்கே தண்ணீர்க் கலவை ஏற்றது. மெதுவாக, அழுத்தத்துடன் நடக்கும் வேலைக்கு வழுக்கல் முக்கியம். அங்கே எண்ணெய் ஏற்றது. லேத்தில் தொடர்ந்து கடைவது முதல் வகை. கையால் டாப் போடுவதும், டையால் குழாயில் மரை வெட்டுவதும் இரண்டாம் வகை. பண்ணைப் பட்டறையில் இரண்டாம் வகை வேலையே மிகுதி. ஆகவே பெரும்பாலான விவசாயிகளுக்கு ஒரு சிறு டப்பா எண்ணெயும் ஒரு தூரிகையும் போதும்; மோட்டார் வைத்துத் தாரையாக ஊற்றும் ஏற்பாடு தேவையில்லை.

உலோகத்துக்கு ஏற்ற எண்ணெய்

ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் பார்த்தால், பட்டறைக்கு வரும் உலோகங்களில் பெரும்பாலானவற்றை அதிலேயே காணலாம்.

வார்ப்பிரும்பு: பம்பின் வெளிக்கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. இதில் இயற்கையாகவே கிராபைட் கலந்திருப்பதால் அதுவே உராய்வைக் குறைக்கிறது. எண்ணெய் விட்டால், தூளாக உதிரும் சீவல் எண்ணெயுடன் குழைந்து சேறாகிக் கருவியைத் தேய்க்கும். எனவே வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்ட வேண்டும். தூளை வாயால் ஊதக் கூடாது. தூரிகையால் தள்ள வேண்டும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்வது நல்லது.

பித்தளை, கன்மெட்டல்: இம்பெல்லர், புஷ், வால்வு ஆகியவற்றில் வருபவை. இவற்றையும் பொதுவாக உலர்வாகவே வெட்டலாம். பாஸ்பர் வெண்கலம் போன்ற இறுகிய ரகங்களுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் சிறிது தடவலாம். கந்தகம் கலந்த கருப்பு வெட்டு எண்ணெயைச் செம்பு, பித்தளை, வெண்கலத்தில் பயன்படுத்தினால் அவை கறுத்துவிடும்.

சாதாரண இரும்பு: போல்ட், சட்டம், ஜி.ஐ. குழாய் முதலியவை. துளை போடவும் மரை வெட்டவும் கந்தகம் கலந்த வெட்டு எண்ணெய் மிக ஏற்றது. கந்தகம், அழுத்தமும் சூடும் மிகுந்த இடத்தில் இரும்புடன் சேர்ந்து மெல்லிய படலமாகி, சீவல் கருவியோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அது கிடைக்காவிட்டால் தாவர எண்ணெய் போதும். குடிநீர்க் குழாயில் மரை வெட்டும்போது சமையல் எண்ணெயே நல்லது; வெட்டி முடித்ததும் குழாயின் உட்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். டையை அரைச் சுற்று முன்னே திருப்பினால் கால் சுற்று பின்னே திருப்பிச் சீவலை முறித்துவிட்டு, மறுபடி எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு: நீர்மூழ்கி பம்புகளின் ஷாஃப்ட் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் உரசினால் பல ரகங்களில் அந்த இடம் கல்லாக இறுகிவிடும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைத் தளர்த்தாமல், கெட்டியான வெட்டு எண்ணெயைத் தாராளமாக விட்டு வெட்ட வேண்டும்.

அலுமினியம்: மோட்டார் மூடிகள், தெளிப்பான் பாகங்கள் முதலியவற்றில் வருவது. மென்மையான இவ்வுலோகம் கருவியின் முனையில் ஒட்டிக்கொண்டு, வெட்டிய பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். மண்ணெண்ணெய் சிறிதளவு தொட்டால் ஒட்டாது. மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்திலும், அருகில் வெல்டிங் அல்லது சாணைப் பொறி பறக்கும் இடத்திலும் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாம்.

பதம் ஏற்றிய எஃகு: ரோட்டவேட்டர் கத்தி, வில்பட்டை ஆகியவை இவ்வகை. முதலில் ஓர் ஓரத்தில் அரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அரம் வெட்டாமல் வழுக்கினால் சாதாரண டிரில் பிட்டாலும் வெட்ட முடியாது. அங்கே எண்ணெயை மாற்றிப் பயனில்லை, பிட்தான் வீணாகும்.

வேகமும் கூர்மையும்

வேகம் தவறானால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டுக்குச் சாதாரண இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றும், துருப்பிடிக்காத எஃகில் சுமார் 380 சுற்றும் போதும். பிட்டின் தடிமன் இரு மடங்கானால் சுற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பெரிய துளைக்கு முதலில் சிறு துளை போட்டுக்கொண்டு பிறகு அகலப்படுத்துவது நல்லது. மழுங்கிய பிட்டுக்கு எண்ணெய் ஊற்றுவதைவிட, அதைச் சாணை பிடித்துவிட்டு வேலையைத் தொடர்வதே சிக்கனம்.

லேத்தில் கார்பைடு முனை வைத்த கருவியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூடேறிய கார்பைடில் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கலவை பட்டால் முனையில் விரிசல் விழும். தாரையாக இடைவிடாமல் ஊற்ற வேண்டும். இயலாவிட்டால் உலர்வாகவே வெட்டிவிடலாம்.

வீட்டில் உள்ள எண்ணெய்கள்

தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் தன்மை உள்ளவை. ஆகவே மெதுவான வேலைகளில் அவை மிக நன்றாக உதவுகின்றன. மேலை நாட்டுப் பட்டறைகளில் பன்றிக் கொழுப்பு எண்ணெயை நெடுங்காலம் பயன்படுத்தியதும் இதனால்தான்.

கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், புங்க எண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய நான்கும் துளை போடவும் மரை வெட்டவும் உதவும். கடலை எண்ணெயும் புங்க எண்ணெயும் காற்றுப் பட்டு நாளடைவில் பிசுபிசுப்பாகும். வேலை முடிந்ததும் துடைக்காவிட்டால் கருவியிலும் லேத்தின் தண்டவாளத்திலும் கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் பிசுபிசுப்பாவதில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். விளக்கெண்ணெய் கெட்டியானது, நன்றாகப் பற்றும். ஆனால் இயந்திர எண்ணெயுடன் சரியாகக் கலக்காது. கெட்டுப்போன வாடை வந்த சமையல் எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். அதை உலோகத்தில் தடவி அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

ஆக்சா பிளேடுக்கும் சிறு பிட்டுக்கும் மெழுகுவர்த்தியையோ தேன்மெழுகையோ தேய்த்துவிட்டாலே போதும். உயரத்தில் நின்று கையால் பிடித்துத் துளை போடும்போது இது சொட்டாது என்பதும் ஒரு வசதி.

கரையும் எண்ணெயைக் கலக்கும் முறை

லேத்தில் அடிக்கடி வேலை செய்வோர் மட்டும் கரையும் எண்ணெய் வாங்கினால் போதும். கடையில் 'கூலண்ட்' என்று மட்டும் கேட்டால் டிராக்டரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவத்தைக் கொடுத்துவிடக் கூடும். அது வேறு, இது வேறு. ரேடியேட்டர் திரவத்தில் பெரும்பாலும் எத்திலின் கிளைக்கால் உள்ளது. இனிப்புச் சுவை கொண்ட அது மாடு, ஆடு, நாய், மனிதர் அனைவருக்கும் நஞ்சு. ஆகவே 'லேத்துக்கு ஊற்றும் கரையும் வெட்டு எண்ணெய்' என்று விளக்கிக் கேட்டு வாங்க வேண்டும்.

கலவை அளவு வருமாறு: லேத்தில் கடைவதற்கு 1 பங்கு எண்ணெய்க்கு 20 பங்கு தண்ணீர், அதாவது 5 லிட்டர் தண்ணீருக்கு 250 மி.லி. எண்ணெய். கடினமான வெட்டுக்கு 10 பங்கு தண்ணீர், அதாவது 5 லிட்டருக்கு 500 மி.லி. சாணைக்குத் தாரையாக ஊற்றுவதானால் 40 பங்கு தண்ணீர், அதாவது 5 லிட்டருக்கு 125 மி.லி. டப்பாவின் மேல் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

எப்போதும் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, கலக்கியபடியே எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் கலவை கெட்டியாகித் திரண்டு நின்றுவிடும்.

தண்ணீரின் தன்மையும் முக்கியம். நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் எண்ணெயைப் பிரித்து, மேலே ஆடைபோல் மிதக்கச் செய்யும். குளோரைடு உப்பு மிகுந்த நீர் துருவையும் உண்டாக்கும். சோப்பு நுரைக்காத தண்ணீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீர் மிகச் சிறந்தது.

வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆவியாகக் கலவை கெட்டிப்படும். கரும்பின் பிரிக்ஸ் அளவைப் பார்க்கும் கைக்கருவி வைத்திருப்போர் அதைக் கொண்டே கலவையின் வலுவையும் அளக்கலாம். கருவி காட்டும் எண்ணை, அந்த எண்ணெய்க்கு அதன் தயாரிப்பாளர் கொடுத்துள்ள பெருக்கெண்ணால் பெருக்கினால் எண்ணெயின் சதவீதம் கிடைக்கும். உதாரணமாக, கருவி 4 என்று காட்டி, பெருக்கெண் 1.2 ஆக இருந்தால், கலவையில் 4.8 சதவீதம் எண்ணெய் உள்ளது. குறைந்த அளவை ஈடுசெய்யத் தனித் தண்ணீரை ஊற்றாமல், நீர்த்த கலவையை ஊற்றுவது நல்லது.

நாற்றம் ஏன் வருகிறது?

சில நாட்கள் ஓடாமல் கிடந்த தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். லேத்திலிருந்து ஒழுகும் இயந்திர எண்ணெய் கலவையின் மேல் படலமாகப் படிந்து காற்றை அடைத்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது வழித்தெடுக்க வேண்டும். சீவலைத் தொட்டியில் தங்கவிடக் கூடாது. நாற்றம் வந்துவிட்ட கலவையில் மருந்து சேர்த்துக் காப்பாற்ற முயலாமல் அகற்றிவிட்டு, தொட்டியைக் கழுவிப் புதிதாகக் கலக்க வேண்டும். மாதத்துக்கு ஓரிரு நாள் மட்டும் வேலை உள்ளவர்கள், அன்றன்றைக்கு வேண்டிய அரை லிட்டரை மட்டும் கலந்துகொள்வதே சிறந்தது. வேலை முடிந்ததும் லேத்தைத் துடைத்து, தண்டவாளத்தில் இயந்திர எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு தெரியும்.

கழிவு ஆயில் வேண்டாம்

என்ஜினில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் நச்சுப் பொருள்களில் ஒரு பகுதி ஆயிலில் சேர்ந்துவிடுகிறது. புற்றுநோயை உண்டாக்கக் கூடிய பல வளைய ஹைட்ரோகார்பன்களும் இவற்றில் அடங்கும். உலோகத் தூளும் கரியும் அமிலமும் அதில் உண்டு. வெட்டும் முனையில் அது புகையும்போது சுவாசத்திலும் கலக்கிறது.

இங்கிலாந்தில் பருத்தி நூற்பாலைத் தொழிலாளர்களும், தானியங்கி லேத் இயக்கிய தொழிலாளர்களும் 20ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெரும் விலை கொடுத்தனர். நன்கு சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் நனைந்த உடையுடன் வேலை செய்த அவர்களிடையே, விரைப்பைத் தோலில் புற்றுநோய் கண்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, இவ்வகை எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் தொகுதியில் சேர்த்துள்ளது. இப்போது விற்பனையாகும் தரமான வெட்டு எண்ணெய்கள் நன்கு சுத்திகரிக்கப்பட்டவை. கழிவு ஆயில் அப்படிப்பட்டதன்று. சில ரூபாய் மிச்சம் பிடிக்க அதைக் கையில் பூசிக்கொள்ள வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

1. கையில் பிடித்து இயக்கும் மின் துளைப்பான், மின் சாணை ஆகியவற்றுடன் தண்ணீர்க் கலவையைப் பயன்படுத்தக் கூடாது. மின் அதிர்ச்சி நேரலாம். எண்ணெய் அல்லது மெழுகு மட்டும் போதும்.

2. சுழலும் பிட்டுக்குத் துணியால் எண்ணெய் தடவக் கூடாது. துணியோடு விரலும் சுற்றிக்கொள்ளும். நீண்ட பிடியுள்ள தூரிகையைப் பயன்படுத்த வேண்டும். கையுறை அணிந்து துளைபோடும் இயந்திரத்தில் வேலை செய்யக் கூடாது. கண்ணாடி அணிவது அவசியம்.

3. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் கொண்டு கையைக் கழுவினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய் வெடிப்பு உண்டாகும். எண்ணெயில் நனைந்த உடையை அன்றே மாற்ற வேண்டும். எண்ணெய்த் துணியைச் சட்டைப் பையிலோ இடுப்பிலோ செருகக் கூடாது.

4. எண்ணெய்த் துணிகளைக் குவியலாகப் போட்டுவைக்கக் கூடாது. ஆளி எண்ணெய் போன்றவற்றில் நனைந்த துணிக் குவியல் தானே சூடேறித் தீப்பற்றக் கூடும்.

5. பழைய கலவையை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ தொழுவத்திலோ கொட்டக் கூடாது. சிறிதளவானால் அகன்ற தட்டில், ஆடுமாடு அணுகாத இடத்தில் வைத்துத் தண்ணீரை வற்றவிடலாம். மிஞ்சும் எண்ணெயைக் கழிவு ஆயில் டப்பாவில் சேர்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின்படி, கழிவு எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களே கையாள வேண்டும். டிராக்டருக்கு ஆயில் மாற்றும் சர்வீஸ் நிலையத்தில் இதை ஒப்படைக்க முடியுமா என்று விசாரித்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால், பண்ணைப் பட்டறைக்கு மூன்று பொருள்கள் போதும். இரும்புக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் அரை லிட்டர் கந்தக வெட்டு எண்ணெய். அலுமினியத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஒரு சிறு புட்டி தேங்காய் எண்ணெய். ரம்பத்துக்கு ஒரு மெழுகுத் துண்டு. வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் எதுவும் வேண்டாம். லேத் வைத்திருப்போர் மட்டும் இவற்றுடன் கரையும் எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கி, மழைநீரில் கலந்து பயன்படுத்தலாம். டப்பா ஒவ்வொன்றின் மேலும் பெயரை எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால், அவசர வேளையில் கைக்கு வரும் எண்ணெய் சரியானதாகவே இருக்கும்.